கொய்யா செத்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு கதையை முன்னாலேயே பார்த்துவிட்டவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் தெரியவந்தது. அதற்குள் ஆறு பெண்களை அழவைத்துவிட்டிருந்தேன். அதில் ஒருத்தி நான் பெற்ற மகள்.

நான் பஸ் கண்டக்டர். செஞ்சியில் புறப்பட்டு, வல்லம் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு மேல்சித்தாமூர் போய்த் திரும்புகிற தனியார் பஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் வாய் ஓயாது. உள்ளே போ என்பேன், படியில் நிற்காதே என்பேன், வேர்க்கடலை மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளு என்பேன். ஏறுகிறவர்களில் பாதிப்பேரின் குடும்பக் கதை எனக்கு அத்துப்படி. ஆனால் டியூட்டி முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் அத்தனை சத்தமும் என்னை விட்டுவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விடும். மனைவி இறந்து அப்போது ஐந்து வருடம். மகள் வெண்ணிலா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும் மட்டும். (ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது உறுமும். நான் அதுவும் செய்வதில்லை.)

தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்வேன்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன் நைனா. நீ?"

"ஆச்சு. இன்னா சாப்ட?"

"சப்பாத்தி."

"சரி."

"சரி நைனா. வெச்சிடறேன்."

நாற்பது விநாடி. சில நாள் சப்பாத்திக்குப் பதில் உப்புமா. அப்போது நாற்பத்திரண்டு விநாடி ஆகும், உப்புமாவைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. அந்த இரண்டு விநாடிக்காக ஹாஸ்டலில் உப்புமாவே போடட்டும் என்று நினைத்த பாவி நான்.

பொங்கலுக்கு வந்தாள். நான்கு நாளும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கட்டிலில் குப்புறப் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று சிரிப்பாள். திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கோ, யாரோ ஒரு பையன் என்று தோன்றிவிட்டது. மூன்றாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னாம்மா பாக்கற?"

"அனிமே, நைனா."

"அப்டின்னா?"

"ஜப்பான்காரங்க வரைஞ்சி எடுக்கறது. சீரிஸ். வுடு, உனக்குப் புரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் ஊருக்குத் திரும்பிப் போனபின் வீட்டில் அந்த வார்த்தை மட்டும் இருந்தது. உனக்குப் புரியாது. சரி, புரிந்துகொண்டுதான் பார்ப்போமே என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லாமல் அவள் பார்ப்பதையே நானும் பார்த்துவிட்டு, ஒருநாள் அதைப் பற்றிச் சாவகாசமாகப் பேச்செடுத்து அவளை அசத்திவிட வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

முதல் நாளே போனில் தப்பாக எழுதித் தேடிவிட்டேன் போலிருக்கிறது. அனீமியா என்கிற ரத்தசோகைக்கு என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா வந்து விளக்கினார். ஜப்பான்காரர்கள் நிதானமாகத்தான் கதைக்குள் போவார்கள் போல என்று முழுசாகப் பார்த்தேன். அதன்பின் ஒரு மாதத்துக்கு என் போன் எனக்குப் பேரீச்சம்பழத்தையும் முருங்கைக்கீரையையும் சிபாரிசு செய்துகொண்டே இருந்தது. (கீரை சாப்பிட்டேன். உடம்புக்கு நல்லதுதான்.)

வேறு வழியில்லாமல் பஸ்ஸில் கேட்டேன். காலை நடையில் காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் ஏறுவார்கள். அதில் ஒருத்தியிடம் குரலைத் தாழ்த்தி, "பாப்பா, இந்த ஜப்பான் பொம்மப் படம் ஒண்ணு பாக்கணும். எதைப் பாக்கலாம்?" என்றேன்.

"பொம்மப் படம்னு சொல்லாதீங்கண்ணா. அனிமே" என்று அவள் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திருத்தினாள்.

அவ்வளவுதான். ஒருத்தி ஒன்று சொன்னாள், அடுத்தவள் அதெல்லாம் குப்பை என்றாள். பின்சீட்டுப் பையன்கள் நான்கு பெயர் சொன்னார்கள். நான் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், என்னவென்றே தெரியாமல், "சண்டப் படமா பாருய்யா. குடும்பப் படம் பாத்தா அழுவாச்சிதான் வரும்" என்றார். மேல்சித்தாமூரில் இறங்க வேண்டிய சமண வீட்டு அம்மா ஒருவர், "உயிர்க்கொல இல்லாத கதையா ஒண்ணு சொல்லுங்கம்மா அவருக்கு" என்றார். காலேஜ் பெண்கள் வெகுநேரம் யோசித்தார்கள். அந்த அம்மா இறங்குகிறவரை அவர்களுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அன்று இரண்டு நிறுத்தத்தில் விசில் அடிக்க மறந்தேன். டிரைவர் ஏழுமலை கண்ணாடியில் என்னை முறைத்தபடி, "இன்னாய்யா, பஸ்ல பட்டிமன்றமா நடத்தற?" என்றான்.

பதினேழு பெயர் சேர்ந்தது. இதில் மகள் பார்ப்பது எது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரே ஒரு துப்புதான் இருந்தது. அவள் பையில் ஒரு சாவிக்கொத்துப் பொம்மை தொங்கும். கழுத்தில் நீலத்துண்டு சுற்றிய ஒரு பையன். காலேஜ் பெண்களிடம் சொன்னேன். "நீலத்துண்டா? அப்டிப் பத்துப் பேர் இருப்பானுங்கண்ணா" என்றார்கள்.

எனவே ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று. முதலாவதில் ஆயிரத்துக்கும் மேல் எபிசோடு இருந்தது. நான் பார்த்து முடிப்பதற்குள் வெண்ணிலாவின் மகளே காலேஜுக்குப் போய்விடுவாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதில் மலை உயர இயந்திரங்கள் அடித்துக்கொண்டன. எந்த இயந்திரத்தின் கழுத்திலும் துண்டு இல்லை. மூன்றாவது பள்ளிக்கூடக் கதை, அடக்கமாகத்தான் ஆரம்பித்தது. நான்காம் எபிசோடில் பெண்கள் எல்லாரும் வெந்நீர்க் குளத்தில் குளிக்க இறங்குகிற நேரம் பார்த்து, ஏழுமலை என்னிடம் டார்ச் லைட் கேட்டு வீட்டுக்குள் வந்தான். போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். டார்ச் லைட்டை வாங்காமலே போய்விட்டான். மறுநாள் பஸ்ஸில், "ஒண்டிக்கட்டையா இருக்கறது கஷ்டம்தான்யா" என்று மட்டும் சொன்னான். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவன் இன்னும் அனுதாபமாகத் தலையாட்டினான்.

பதினோராவது பெயரில் கிடைத்தான் நீலத்துண்டு. பனிமலை மேல் தனித்தனியாகக் கிடக்கிற வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகிற ஓர் இளைஞன். கூட ஒரு நாய். அடிவாரத்தில் அவனுக்காகக் காத்திருக்கும் தம்பி. பெயர் கொஹேய். என் வாயில் அது நுழையவில்லை. நான் கொய்யா என்று வைத்துக்கொண்டேன்.

தமிழில் இல்லை. ஜப்பான் பாஷையில் பேசுவார்கள், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். நான் பிளஸ் டூ. படிக்கத் தெரியும், ஆனால் அந்த எழுத்துக்கு இருக்கிற அவசரம் எனக்கு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், தெரியாத வார்த்தையைத் தேடுவேன், பிறகு ஓடவிடுவேன். இருபத்துமூன்று நிமிஷ எபிசோடு எனக்கு ஒன்றேகால் மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

ஆரம்பத்தில் மகளுக்காகத்தான் பார்த்தேன். ஆறாவது எபிசோடில் ஒரு கிழவர், தனக்கு யாருமே கடிதம் போடுவதில்லை என்று தெரிந்தும் தினம் வாசலில் நிற்கிறார். கொய்யா அவரிடம் நின்று, இன்று பனி அதிகம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் காட்சி. நான் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோறு காய்ந்துபோனது. அதற்கு மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்தேன். எனக்காக ஓர் ஆள் காத்திருக்கிற மாதிரி இருந்தது. ஒரு பொம்மைக்காகவா என்று கேட்டால், ஆமாம், ஒரு பொம்மைக்காகத்தான்.

இருபத்துமூன்றாவது எபிசோடில் பனிச்சரிவில் கொய்யா செத்துப்போனான். மறுநாள் காலை நடையில் ஒருவருக்கும் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் நேரில் சொல்ல வேண்டும் என்று போனில் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வெண்ணிலாவே சொன்னாள்.

"நைனா, வர ஞாயித்துக்கிழம ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் கூட வராங்க. கோட்டை பாக்கணுமாம். மத்தியானம் நம்ம வூட்லதான் சாப்பாடு. முடியுமா?"

"முடியுமாவா" என்றேன்.

சுண்ணாம்பு அடிக்க நேரமில்லை என்பதால் அடிக்கவில்லை, அவ்வளவுதான். ஏழுமலை வீட்டிலிருந்து நாற்காலிகளும், அவன் மனைவி கையால் பிரியாணியும் வந்தன. ஆறு பெண்களும் காலையில் ராஜகிரிக் கோட்டை ஏறிவிட்டு, முகமெல்லாம் சிவந்து, வெயிலோடும் பசியோடும் உள்ளே வந்தார்கள். வாசலில் ஆறு ஜோடிச் செருப்பு. நான் இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் பிடிக்கப் போவதுபோலத்தான் போனேன். ஐந்து வருடத்தில் அந்த வீட்டு வாசல் அப்படி இருந்ததில்லை.

கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சேலத்துப் பெண் மோனிஷா, எல்லாரையும்விட வாயாடி, "அங்கிள், பிரியாணி செம" என்றாள். அவள் பையிலும் அதே நீலத்துண்டுப் பொம்மை தொங்கியது. இதுதான் நேரம் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அது சரிம்மா" என்றேன், சாவகாசமாக. "கொய்யா செத்ததுதான் மனசுக்கு ஆறல."

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மோனிஷா மரியாதையாக, "அய்யோ, யாரு அங்கிள்? சொந்தக்காரங்களா?" என்றாள்.

"இல்லம்மா, நம்ம தபால்காரன்."

"உங்க ஊரு போஸ்ட்மேனா?"

"அதாம்மா, நீலத்துண்டு. பனியில. நாய் வெச்சிருப்பானே." அவள் பையைக் காட்டினேன்.

மோனிஷா கையிலிருந்த தயிர்க் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "கொஹேய்... செத்துடுவானா?" என்றாள்.

அவர்கள் ஆறு பேரும் ஹாஸ்டலில் சனிக்கிழமைக்கு ஒரு எபிசோடு என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது என்று சத்தியமாம். அதுவரை பார்த்திருந்தது பதினான்கு எபிசோடு. பொங்கலுக்கு என் மகள் அழுதது வேறு ஏதோ ஒன்றுக்கு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, எதிரே ஆறு பெண்களின் கண் கலங்குகிறது என்பது மட்டும்தான். பெண்பிள்ளைகள் அழுதால் ஆறுதல் சொல்ல வேண்டுமில்லையா.

"அழுவாதீங்கம்மா" என்றேன். "அவன் சும்மா சாவல. கடைசி எபிசோடுல தம்பிதான் அந்தத் தபால் பைய எடுத்துக்குனு மல மேல போறான்."

"நைனா" என்றாள் வெண்ணிலா.

"இல்லம்மா, அந்தக் கெழவருக்குக் கடைசியில ஒரு லெட்டர் வரும், அதப் போட்டதே கொய்யாதான்னு அப்பதான் தெரியும். அது நல்ல முடிவுதான்."

"நைனா, போதும்."

நிறுத்தினேன். சொல்வதற்கும் வேறொன்றும் மிச்சமில்லை. இரண்டு மாதம் எழுத்துக்கூட்டிப் படித்த மொத்தக் கதையையும் ஒரே நிமிஷத்தில் கொட்டிவிட்டிருந்தேன். தயிர்சாதத்தை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போனேன். பஸ் ஏறுமுன் மோனிஷா மட்டும் திரும்பி வந்து, தயங்கித் தயங்கி, "அங்கிள், நாய்? நாய்க்காச்சும் ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டாள்.

இனி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டின் கூரையைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குள் ஓடினாள்.

ஒன்பது நாள் வெண்ணிலா போனை எடுக்கவில்லை. 'எக்ஸாம் நைனா' என்று ஒரு மெசேஜ் மட்டும். நாற்பது விநாடி எவ்வளவு நீளமானது என்று அந்த ஒன்பது நாளில் தெரிந்தது. ஏழுமலை வீட்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்காமல் கூடத்திலேயே வைத்திருந்தேன். வட்டமாகவே கிடந்தன. பஸ்ஸில் பேச்சு குறைந்துபோனது. கடலை மூட்டைப் பெரியவர், "இன்னா கண்டக்டரே, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று விக்ஸ் மிட்டாய் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பதில் சொல்லாமலிருக்க அது ஒரு வசதி.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சாப்டியா என்று கேட்கவில்லை.

"நைனா, நீ மொத்தமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"இங்கிலீஷ்லயா படிச்ச?"

"நிறுத்தி நிறுத்திப் படிச்சேன்."

"எத்தன நாளு ஆச்சி?"

"ரெண்டு மாசம். அதுக்கு முன்னாடி எது உன்னுதுன்னு தேடறதுக்கு ஒரு மாசம். பத்து சீரிஸ் தப்பா பாத்துட்டேன்."

"எதுக்கு நைனா?"

அசத்துவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "பேசறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அவன் செத்தப்ப நீ அழுதியா?" என்றாள்.

"கொஞ்சம்."

"பொய் சொல்லாத."

"மறுநாளு டிக்கெட் கிழிக்க முடியலம்மா."

அவள் சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். அன்று ரத்தசோகை டாக்டரம்மாவிலிருந்து ஏழுமலையின் டார்ச் லைட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். போன் சூடாகி, சார்ஜ் தீர்ந்து, தானாக அணைந்துபோனது.

அதன்பின் நாங்கள் சேர்ந்துதான் பார்க்கிறோம், அவள் அங்கே, நான் இங்கே. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யவே பதினைந்து நாள் சண்டை நடக்கும். ஒரே ஒரு சட்டம்: நான் எப்போதும் அவளைவிட ஒரு எபிசோடு பின்னால் இருக்க வேண்டும். வல்லத்தில் இருக்கிற என் தங்கை வீட்டுக்கு இந்தக் கதை எட்டி, இப்போது அங்கே யாருக்கு வேலை கிடைத்தாலும், யாருக்குப் பெண் பார்த்தாலும், எனக்குத்தான் கடைசியில் சொல்கிறார்கள். (எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு.)

போன வருடம் மோனிஷாவுக்குச் சேலத்தில் கல்யாணம். பத்திரிகையில் அவள் கைப்பட எழுதியிருந்தாள்: 'அங்கிள் கட்டாயம் வரணும். முடிவ மட்டும் சொல்லாம வாங்க.' நானும் வெண்ணிலாவும் தங்கையும் போனோம். மேடையில் ஏறியதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்து, நடுவில் நிற்கவைத்து, மாப்பிள்ளையிடம் பெருமையாக, "சொன்னேன்ல, இவருதான் கொஹேயக் கொன்ன அங்கிள்" என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கம் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார்.

"கொஹேய் செத்துடுவானா?" என்றார். "நீதான பாக்கச் சொன்ன? நான் ஏழாவது எபிசோடுலதான இருக்கேன்."

மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாக. மேடையில் சிரிப்பு வெடித்தது, போட்டோகிராபர் சரியாக அந்த நேரத்தில் எடுத்துவிட்டார். அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மட்டும் இடிவிழுந்தவர் போல நிற்கிறார். வருகிறவர்கள் எல்லாரும், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் போவதில்லை.

தங்கை வந்திருந்தால், என்னைப் பதில் சொல்ல விடாமல் அவளே முந்திக்கொள்வாள்.

"ஒண்ணுமில்ல. தாலி கட்ன அன்னிக்கே அவருக்கு முடிவு தெரிஞ்சிப்போச்சி."